விதை அவர்களுக்கு, நட்டம் நமக்கா?



புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்கு வானத்தைப் பார்க்கிறவர்கள் நாம். மானாவாரிக் காட்டில் வெதை தப்பினால் அந்த வருசம் தப்பியதுதான். அப்படிப்பட்ட நம் காட்டுக்கு எந்த விதை வருது, அதை யார் சோதிச்சது, தவறினா யார் பணம் கட்டுறது என்று கேட்க நமக்கு உரிமை இல்லையா?

2002 மார்ச்சில் பி.டி. பருத்திக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. மண்ணில் உள்ள ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செலுத்தி, காய்ப்புழுவைக் கொல்லும் விஷத்தைச் செடியே உண்டாக்கும்படி செய்த விதை அது. முதல் சில வருசம் காய்ப்புழுவுக்கு மருந்தடிப்பது குறைந்தது உண்மை. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அசுவினிக்கும் தத்துப்பூச்சிக்கும் அது கேட்காது. 2010ல், குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த விஷத்தைத் தாங்கி வளர்ந்துவிட்டதாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. அடுத்து வந்த இரண்டு மரபணு விதையும் அந்தப் புழுவிடம் தோற்றது.

கம்பெனி சொன்ன காரணம் என்ன? பாக்கெட்டோடு கொடுத்த 120 கிராம் சாதா விதையைச் சுற்றிலும் விதைக்கவில்லையாம்! அந்தச் சின்னப் பொட்டலம் எதுக்குன்னு நம்ம ஊருக்கு வந்து யார் விளக்கிச் சொன்னாங்க? லாபம் அவனுக்கு, பழி சம்சாரிக்கு!

உலக நாடுகள் இதைப் பேசாமல் இல்லை. 2000 ஜனவரியில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் கார்ட்டஜீனா உடன்படிக்கை ஏற்கப்பட்டது. ஆபத்து உண்டா இல்லையா என்று அறிவியல் முழுசாகச் சொல்ல முடியாதபோதும், மரபணு மாற்றிய விதையை ஒரு நாடு தடுக்கலாம் என்கிறது அது. இந்தியா அதில் உறுப்பு நாடு. அமெரிக்கா இன்றுவரை சேரவில்லை. கேடு நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு என்பதைப் பேசும் துணை உடன்படிக்கை 2010ல் உருவாகி, 2018ல் அமலுக்கு வந்தது. அதையும் இந்தியா ஏற்றிருக்கிறது. டெல்லியில் போட்ட கையெழுத்து கோவில்பட்டி சம்சாரிக்கு எப்போது பயன்படும்?

மக்கள் கேட்டால் நடக்கும் என்பதற்குப் பி.டி. கத்திரிக்காயே சாட்சி. ஏழு நகரங்களில் கருத்துக் கேட்ட பிறகு, 2010 பிப்ரவரி 9ல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அதை நிறுத்தி வைத்தார். அந்த ஏழில் தமிழ்நாட்டு ஊர் ஒன்றுகூட இல்லை! மரபணு மாற்றிய கடுகுக்கு 2022ல் கொடுத்த அனுமதி உச்ச நீதிமன்றம் போனது. 2024 ஜூலையில் இரண்டு நீதிபதிகளும் இரு வேறு தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் நாட்டுக்கு ஒரு கொள்கை வேண்டும், விவசாயிகளையும் கேட்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள்.

2018ல் படைப்புழு நம் மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தப் பயத்தைக் காட்டியே நாளைக்குப் புது விதை வரலாம். வரும்போது ஏமாறாமல் இருக்க இன்றே கேட்போம்:

1. மானாவாரிக் கரிசலில் சோதிக்காத விதையை இங்கே விற்காதே!
2. பயிர் கெட்டால் விற்றவனே ஈடு கட்டச் சட்டம் போடு!
3. கோவில்பட்டியிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்து!
4. வறட்சி தாங்கும் கருங்கண்ணி விதையை, 1901 முதல் இயங்கும் நம் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையம் வழியாகப் பெருக்கிக் கொடு!

விஞ்ஞானத்துக்கு நாம் எதிரி இல்லை. பரிசோதனைக்கு எலியாக இருக்கச் சம்மதமில்லை, அவ்வளவுதான். ஊர் ஊராகக் கூடிப் பேசுவோம். விதையையும் விடமாட்டோம், கேள்வியையும் விடமாட்டோம்!