நாங்கள் வளைக்காத கொக்கி

நிலநடுக்கம் என்ற பேச்சு வந்தாலே நாம் முதலில் கேட்பது, "அடுத்தது எப்போ வரும்?" என்றுதான். எங்கேயோ பூமி குலுங்கிய மறுநாளே தேதி, நேரம், கிரகநிலை சகிதம் வாட்ஸ்அப்பில் பதில் வந்துவிடுகிறது. நம்பாதவர்கள்கூட எதற்கும் இருக்கட்டும் என்று நாலு பேருக்கு அனுப்பிவிட்டுத்தான் படுக்கிறார்கள். தேதி சொல்லும் வித்தை இதுவரை எந்த ஆய்வகத்துக்கும் கைகூடவில்லை. ஆனால் இன்னொரு கேள்வி இருக்கிறது. இந்த இடத்தில், இந்த மண்ணில், என் வீடு நிற்கப்போகும் ஐம்பது வருஷத்துக்குள் தரை எவ்வளவு பலமாக ஆடக்கூடும்? அதற்கு ஆலின் கார்னெல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1968-லேயே கணக்குவழி சொல்லிவிட்டார். வீடு வாங்கும்போது நம்மில் யாரும் அதைக் கேட்டதில்லை. வீட்டை வடிவமைக்கும் கட்டமைப்புப் பொறியாளர்களான நாங்களோ, நல்லவேளை யாரும் கேட்கவில்லை என்று இருந்துவிட்டோம்.

அந்தக் கணக்கில் மந்திரம் ஒன்றும் இல்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தெந்தப் பிளவுகள் நகரக்கூடும், எத்தனை காலத்துக்கு ஒருமுறை, எத்தனை பெரிதாக என்று முதலில் மதிப்பிடுவார்கள். அடுத்து, இன்ன அளவு நடுக்கம் இன்ன தூரத்தில் வந்தால் இன்ன வகை மண் எவ்வளவு ஆடும் என்று சொல்ல ஒரு சமன்பாடு வேண்டும். முந்தைய நடுக்கங்களில் கருவிகள் பிடித்து வைத்த பதிவுகளை வைத்துத்தான் பெரும்பாலும் அதை எழுதுகிறார்கள். அதுவும் ஒற்றை விடை தராது. அளவு, தூரம், மண் மூன்றும் ஒன்றாக இருந்தாலும் ஓரிடத்தில் ஆடியதைப் போல இரு மடங்கு இன்னோரிடத்தில் ஆடியிருக்கும். அந்தச் சிதறலையும் சேர்த்துக்கொண்டால்தான் கணக்கு நேர்மையாக இருக்கும். சராசரியோடு நிறுத்திக்கொண்டால் ஆபத்து குறைச்சலாகத் தெரியும்.

கடைசியில் வரும் விடை இப்படி இருக்கும்: அடுத்த 50 ஆண்டுகளில் இந்த அளவை மீறி ஆட 10 சதவீத வாய்ப்பு. இதையே சராசரியாக 475 ஆண்டுக்கு ஒருமுறை என்றும் சொல்வார்கள். 475 என்று காதில் விழுந்ததும் நமக்கு ஒரு நிம்மதி. நம் பேரன் காலத்தில்கூட வராது என்று அங்கேயே முடிவு கட்டிவிடுகிறோம். பத்தில் ஒரு சீட்டுக்குப் பரிசு என்றால் வெயிலில் வரிசை கட்டி நிற்கும் அதே நாம்தான்.

தீபகற்ப இந்தியாவில் அந்தச் சமன்பாட்டை எழுதத் தேவையான பதிவுகளே குறைவு. 2004-ல் ஆர்.என். ஐயங்காரும் எஸ்.டி.ஜி. ரகுகாந்தும் இந்தப் பகுதிக்கென்று ஒன்றை உருவாக்கியபோது, கணினியில் செய்த செயற்கை அசைவுகளைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. 2001 ஜனவரி 26 காலை 8.46-க்குக் கட்ச் 7.7 அளவில் குலுங்கியது. அதன் மையத்துக்குப் பக்கத்தில் முழு அசைவையும் வரைந்து வைக்க ஒரு முடுக்கப் பதிவுக் கருவி இல்லை. நமக்கு மிஞ்சிய முக்கியமான பதிவு, இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அகமதாபாத்தில், ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் பொருத்தியிருந்த கருவியிலிருந்து வந்தது. அரசாங்கம் கருவி வைத்திருக்க வேண்டாமா என்று கேட்பது சுலபம். நாங்கள் வரைந்து கொடுத்த உயரமான கட்டடங்களில், "அடித்தளத்தில் ஒரு கருவி பொருத்தவும்" என்று ஒரு வரி எழுத எங்கள் கையை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை. மொத்தச் செலவில் அது ஒரு லிப்டின் விலைக்குக்கூட வராது.

அந்தப் பதிவு சொன்ன சேதி எங்களை உலுக்கியிருக்க வேண்டும். கருவி இருந்த இடத்தில் தரை ஆடியது, புவியீர்ப்பு முடுக்கத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு. நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் அகமதாபாத் அப்போது இருந்தது மூன்றாம் மண்டலத்தில். மறு ஆண்டு வந்த ஐஎஸ் 1893 என்ற இந்திய நிலநடுக்க விதிநூல் அந்த மண்டலத்துக்கு வைத்த எண், அதே புவியீர்ப்புக் கணக்கில், 0.16. சபர்மதியின் பழைய வண்டல் படிந்த இடங்களில் பதிவானதைவிடக் கூடுதலாக ஆடியிருக்கலாம். இருந்தாலும் யாரும் கற்பனை செய்திராத பேரசைவு என்று அதைச் சொல்லிவிட முடியாது. அந்த அசைவுக்குத்தான் நகரத்தில் அடுக்குமாடிகள் சரிந்து எழுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். விழுந்தவற்றில் பெரும்பாலானவை, கீழே கார் நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டுவிட்டு மேலே வீடுகளை அடுக்கியவை.

அதே 2002 விதிநூல் சென்னையையும் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்கு ஏற்றியது. அகமதாபாத் எந்தப் படியில் இருந்ததோ அந்தப் படிக்கு நாமும் வந்து சேர்ந்தோம். நாங்கள் செய்தது என்ன? மென்பொருளில் 0.10 இருந்த கட்டத்தில் 0.16 என்று தட்டினோம். ஏற்கெனவே நின்றுகொண்டிருந்த கட்டடங்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புதிதாக எழும்பியவற்றிலும் ஸ்டில்ட் பார்க்கிங் அப்படியே தொடர்ந்தது. ஒரு கிரவுண்டு மனை, கீழே நாலு கார், மேலே தளத்துக்கு இரண்டு வீடு. வாங்குகிறவருக்கு நிழலில் கார் வேண்டும், விற்கிறவருக்கு ஒரு சதுர அடிகூட வீணாகக்கூடாது, எங்களுக்கு அடுத்த வேலை வேண்டும். இதில் வில்லன் என்று ஒருவரைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

ஸ்டில்ட்டின் சிக்கல் பார்த்தாலே தெரியும். மேல்தளங்களில் செங்கல் சுவர்கள் தூண்களை இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. கீழே பிடிக்க எதுவும் இல்லை. ஒல்லிக் கால் வைத்த பீரோவைத் தரையோடு சேர்த்து உலுக்கினால் பீரோவுக்கு ஒன்றும் ஆகாது, கால்தான் மடங்கும். அதனால்தான் அந்தத் தளத்துத் தூண்களையும் உத்தரங்களையும் கணக்கிட்ட விசையைப் போல இரண்டரை மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது 2002 விதிநூல். நாங்கள் அதைத் தாண்டிப் போன விதம் ரொம்பச் சாதுவானது. கணினி மாதிரியில் சுவர்களை வரைவதே இல்லை. அவற்றின் எடையை மட்டும் போடுவோம். சுவரே இல்லாத மாதிரியில் எல்லாத் தளமும் ஒன்று போலத்தான் இருக்கும். பலவீனமான தளம் எது என்று கணினிக்குத் தெரியாது. தெரியாததை அது சொல்லவும் சொல்லாது. யாரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி அனுப்பினோம்.

இதற்கும் ஒரு படி உள்ளே போக வேண்டும். வரக்கூடிய முழு விசையையும் அசையாமல் தாங்கும்படி நாங்கள் வடிவமைப்பதில்லை. அப்படிச் செய்தால் கட்டுப்படியாகாது, உலகத்தில் எங்கும் செய்வதில்லை. கம்பிகளை நெருக்கமாக, முறையாகக் கட்டினால் கட்டடம் நெளிந்து வளைந்து சக்தியை விழுங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் விசையை ஐந்தால் வகுத்துக்கொள்ள விதிநூல் அனுமதிக்கிறது. ஆக, ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் கணக்கு. மிச்சம் நாலு பங்கும் கம்பி கட்டுகிறவரின் கைக்குறட்டில் இருக்கிறது.

சைட்டில் அந்தக் கை என்ன செய்கிறது என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றி எட்டு மில்லிமீட்டர் கம்பியில் ரிங் மாட்டுவார்கள். அதன் இரண்டு முனைகளும் 135 டிகிரி மடங்கி, தூணின் நடுவிலிருக்கும் கான்கிரீட்டுக்குள் பாய்ந்திருக்க வேண்டும். தூணின் மேல், கீழ் நுனிகளில் ரிங்குகளுக்கு நடுவே பத்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. ஐஎஸ் 13920 என்ற விதிநூல் 1993-லேயே இதைப் படம் போட்டுக் காட்டிவிட்டது. சைட்டில் மடங்குவது 90 டிகிரி. முனை, தூணின் வெளித்தோலை ஒட்டிக்கொண்டு நிற்கும். தூண் பலமாக ஆடும்போது முதலில் உதிர்வது அந்தத் தோல்தான். தோல் உதிர்ந்ததும் ரிங் வாய் பிளந்துவிடும், நெடுங்கம்பிகள் வெளிப்பக்கமாகப் பிதுங்கும், உள்ளே இருக்கும் கான்கிரீட் நொறுங்கும்.

"சார், உள்ள மடக்குனா எறக்க முடியாது. உத்தரத்துக் கம்பி குறுக்க வருது. நாளைக்குக் காலைல கான்கிரீட் வண்டி வந்துரும்." கம்பி கட்டுகிறவர் சொல்வதில் தப்பே இல்லை. அவருக்குக் கூலி டன் கணக்கில். ஒரு கொக்கியைச் சரியாக மடக்குவதால் அவருக்குப் பத்து பைசா கூடாது, நேரம்தான் போகும். எங்களில் எத்தனை பேர், "வண்டி ஒருநாள் தள்ளி வரட்டும் மேஸ்திரி, கூலி நான் பேசிக்கொள்கிறேன்" என்று சொன்னோம்? கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "சரி, இந்தத் தளத்தோடு போகட்டும்" என்றவர்கள்தான் அதிகம். தூணும் உத்தரமும் சேரும் முடிச்சில் ரிங்கே இல்லாமல் போனதற்கும் இதே பதிலைத்தான் சொன்னோம். கான்கிரீட் போட்ட பிறகு எல்லாத் தூணும் ஒன்று போலத்தான் இருக்கின்றன. பூஜை போட்டு, பால் காய்ச்சி, குடிவந்துவிடுகிறார்கள். டைல்ஸ் என்ன கம்பெனி, தண்ணீர் வசதி எப்படி, பூஜை அறை எந்தத் திசை என்று ஆயிரம் கேட்கிற நாம், தூணுக்குள் கம்பி கட்டியபோது எடுத்த போட்டோ இருக்கிறதா என்று கேட்பதில்லை.

மண் விஷயத்திலும் இதே கதை. 1985 செப்டம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்தை நாசமாக்கிய நடுக்கத்தின் மையம் முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் பசிபிக் கரையில் இருந்தது. நகரத்தின் கீழே இருந்த பழைய ஏரிக் களிமண் அந்த அலைகளைப் பல மடங்காக்கி, இரண்டு வினாடிக்கு ஒரு ஆட்டமாக ஆட்டியது. அந்தத் தாளத்துக்கு ஒத்துப்போன ஆறு முதல் பதினைந்து மாடிக் கட்டடங்கள்தான் அதிகம் அடி வாங்கின. ஏரி மண் மேல் வீடு கட்டுவது நமக்குப் புதிதா? பள்ளிக்கரணைச் சதுப்பையும் வேளச்சேரி ஏரியையும் ஒட்டி எத்தனை கோபுரங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்று விசாரிக்கப் பழகிவிட்டோம். அது 2015 வெள்ளம் சொல்லிக் கொடுத்த பாடம். அதே மண் அசைவைப் பெருக்குமா என்று விசாரிக்க இன்னும் பழகவில்லை. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் நகரத்தில் பல இடங்களில் மண்ணுக்குள் அலை போகும் வேகத்தை அளந்து, எங்கே எந்த வகை மண் என்று வரைபடமே போட்டு 2010-லேயே வெளியிட்டிருக்கிறார்கள். நாங்கள் வாங்கும் சாயில் டெஸ்ட் அறிக்கையில் எடை தாங்குமா என்பதற்குத்தான் விடை இருக்கும். அதிலும் பக்கத்து மனையின் அறிக்கையை வைத்து ஒப்பேற்றிய வேலைகள் உண்டு.

மறதியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறக்குறைய 6 அளவில் ஒரு நடுக்கம் வந்தது. தென்னிந்தியா முழுக்க உணர்ந்தார்கள். கோவையில் மூன்று தலைமுறையாக இருப்பவர்களிடம் கேட்டுப்பாருங்கள், பிளேக் வந்த கதை தெரிந்திருக்கும், இது தெரியாது. மகாராஷ்டிரத்தின் கிள்ளாரியை ஆபத்து மிகக் குறைந்த மண்டலத்தில் வைத்திருந்தார்கள். 1993 செப்டம்பர் 30 விடிகாலை, பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்து படுத்தவர்கள் மேல் கல்லும் மண்ணுமாகக் கட்டிய தடித்த சுவர்கள் விழுந்தன. இறந்தவர்கள் எட்டாயிரத்தை ஒட்டி. வரைபடம் நடுக்கத்துக்குப் பின்னாலேயே ஓடிக்கொண்டிருந்தது என்று குறை சொல்லலாம்தான். ஆனால் 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் 5.5 அளவில் குலுங்கியபோது, சென்னையில் நாம் எல்லோரும் தெருவில் நின்றோமே, அதற்கு எந்த வரைபடமும் தேவைப்படவில்லை. பேசித் தீர்த்துவிட்டு, ஸ்டில்ட்டுக்குள் நுழைந்து மாடியேறிப் போய்ப் படுத்தோம். 2012 ஏப்ரலில் சுமத்ரா நடுக்கத்துக்கு அலுவலகங்கள் காலியானபோதும் டீக்கடைகளுக்குத்தான் லாபம்.

செய்யக்கூடியது இல்லாமல் இல்லை. ஸ்டில்ட் தளத்தில் கார் நுழையாத ஓரங்களில், இரண்டு தூண்களுக்கு நடுவே அஸ்திவாரத்திலிருந்து கம்பி கட்டிய கான்கிரீட் சுவரை எழுப்பலாம். இரண்டு திசையிலும் வேண்டும், ஒரே மூலையில் குவிக்காமல் சமமாகப் பார்த்துப் போட வேண்டும். தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, கான்கிரீட்டைப் போர்த்திப் பருமனாக்கலாம். குடியிருப்பவர்கள் வீட்டைக் காலி செய்யாமலே பெரும்பாலான வேலை நடக்கும். அதற்கு முன்னால், விவரம் தெரிந்த ஒரு பொறியாளர் தெருவில் நின்று பார்த்தே, முதலில் கவனிக்க வேண்டிய கட்டடம் எது என்று தரம் பிரித்துச் சொல்லிவிடுவார். புதிய வேலைகளிலும் இப்போது கொஞ்சம் அசைவு தெரிகிறது. கான்கிரீட் போடுமுன் ரிங்கை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லும் இளம் பொறியாளர்கள் வந்திருக்கிறார்கள். கம்பி கட்டுகிறவர்கள் அவர்களைத் திட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் கொக்கி உள்ளே மடங்குகிறது.

எங்கள் குடியிருப்பும் ஸ்டில்ட்தான். சங்கக் கூட்டத்தில் லிப்டு பராமரிப்பு, மெட்ரோ வாட்டர், பெயிண்ட் எல்லாம் பேசி முடித்த பிறகு இந்த விஷயம் பேச்சுக்கு வந்தது. "இத்தனை வருஷம் நின்னுடுச்சே சார்" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்னதும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மீதிப் பேர் உட்கார்ந்து பேசியதில், கட்டமைப்பு வரைபடம் யாரிடமும் இல்லை என்பது தெரியவந்தது. விற்பனைப் பத்திரத்தை லாக்கரில் வைத்துப் பூட்டியவர்கள் நாங்கள், தூணின் படத்தைக் கேட்டு வாங்கிவைக்கவில்லை. கட்டியவருக்குக் கடிதம் போயிருக்கிறது. அவரிடமும் இல்லையென்றால் தூணுக்குள் கம்பி எங்கே இருக்கிறது என்று மேலிருந்தே பார்க்கும் ஸ்கேனர் வாடகைக்குக் கிடைக்கிறது. செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதா, சதுர அடிக்கு இவ்வளவு என்று பிரிப்பதா என்பதில்தான் இப்போது தகராறு.