அரக்கன் மகள் செய்த குற்றம் என்ன?

இரண்டாம் ஆண்டு விலங்கியல் மாணவி ஒருத்தி

"என்னம்மா, அறிவியல் படிக்கிற பிள்ளை கையில் பேய்க்கதையா?" என்று நூலக வாயிலில் எங்கள் பேராசிரியர் ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்டார். நானும் சிரித்துவிட்டுப் புத்தகத்தைப் பைக்குள் மறைத்தேன். அன்று சொல்லாமல் விட்ட விடையை இந்த ஆண்டு மலர் வழியாகச் சொல்ல விழைகிறேன். அவரும் படிப்பார் என்ற துணிவில்தான் எழுதுகிறேன்.

கசான்ட்ரா கிளேர் என்ற அமெரிக்க எழுத்தாளர் 2010-இல் எழுதிய "கிளாக்வொர்க் ஏஞ்சல்" என்பதே அப்புத்தகம். பழைய புத்தகக் கடையில் நாற்பது ரூபாய்க்கு வாங்கினேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்ததால் முதல் இருபது பக்கங்களுக்கே ஒரு வாரம் ஆயிற்று. பிறகு கதை என்னை இழுத்துக்கொண்டது. அதன் அடுத்த பாகங்கள் 2011-இலும் 2013-இலும் வெளிவந்தவை. அவற்றை விடுதி அக்கா ஒருவரிடம் கடன் வாங்கிப் படித்து முடித்தேன்.

நம் பாட்டிமார் கதைகளில் பேய் புளியமரத்தில் குடியிருக்கும், சுடுகாட்டில் திரியும். இவ்வகைப் புதினங்களிலோ அது மாநகரத்துத் தெருவிளக்கின் கீழே நிற்கும். ஆற்றுப் பாலத்தைக் கடக்கும். கோட்டுப் போட்டுக்கொண்டு விருந்துக்கு வரும். இக்கதையின் நகரம் 1878-ஆம் ஆண்டு இலண்டன். நியூயார்க்கில் வளர்ந்த டெஸ்ஸா கிரே என்ற பதினாறு வயதுப் பெண், தன்னை வளர்த்து ஆளாக்கிய ஹாரியட் அம்மையார் மறைந்தபின், அண்ணன் அனுப்பிய கடிதத்தையும் கப்பல் சீட்டையும் நம்பி அங்கே வருகிறாள். வந்தவளை இரு கிழவிகள் பிடித்து அறையில் அடைத்துக் கொடுமைப்படுத்துகிறார்கள். அந்தக் கொடுமையில்தான் அவளுக்கே தெரியாத ஓர் ஆற்றல் வெளிப்படுகிறது. ஒருவருடைய பொருளைக் கையில் பிடித்தால் அவள் அவராகவே உருமாறிவிடுவாள். அவருடைய நினைவுகள்கூட அவளுக்குள் ஓடும்.

சாதாரண மனிதப் பிறவிக்கு இது எப்படி முடியும்? முடியாது. டெஸ்ஸாவின் தந்தை ஓர் அரக்கன். உருமாறும் இனத்தைச் சேர்ந்தவன். அவன் கணவனின் உருவத்தில் வந்து அவள் தாயை ஏமாற்றினான். ஏமாந்த தாயிடத்திலும் குற்றமில்லை. பிறந்த பிள்ளையிடத்திலும் குற்றமில்லை. ஆனால், பட்டம் மட்டும் பிள்ளைக்கு வந்து சேர்கிறது. அவளைக் காப்பாற்றும் நிழல் வேட்டையர்கள் தேவதையின் இரத்தம் தம் உடலில் ஓடுவதாகப் பெருமை கொண்டவர்கள். அரக்கரை அழிப்பதே அவர்கள் குலத்தொழில். அவர்களிடையே இந்தப் பெண் வாழ வேண்டும். "நீ யார்?" என்று கேட்கும் ஒவ்வொரு கண்ணுக்கும் அவள் விடை சொல்ல வேண்டும்.

இனி என் கருத்துக்கு வருகிறேன். முடிவைச் சொல்லாமல் அதை எழுத இயலவில்லை; இனிப் படிக்கப் போகிறவர்கள் பொறுத்தருள வேண்டும்.

பிறப்பு ஒருவரைத் தீர்மானிப்பதில்லை என்று ஆசிரியர் எங்கும் மேடை போட்டுப் பேசவில்லை. மூன்று பேரை நம்முன் நிறுத்துகிறார், அவ்வளவுதான். முதலாமவன் மார்ட்மெய்ன். இயந்திர மனிதர்களால் படை திரட்டிப் பழிவாங்கத் துடிப்பவன். கதையின் பெரிய கொடியவன் இவனே. ஆனால், இவன் அரக்கன் பெற்ற பிள்ளை அல்லன், மனிதப் பிறவி. இவனை எடுத்து வளர்த்தவர்கள் மாயாவி இனத்தவர். அவர்களை நிழல் வேட்டையர்கள் கொன்றார்கள். அந்த வஞ்சம் அவன் நெஞ்சில் நஞ்சாகியது. ஆக, இவன் தீமைக்கு வேர் இரத்தத்தில் இல்லை. அவனுக்குச் செய்யப்பட்ட அநீதியிலும், அதை அவன் எடுத்துக்கொண்ட விதத்திலும் இருக்கிறது.

இரண்டாமவர் பெனடிக்ட் லைட்வுட். உயர்ந்த குடும்பம், பெரிய மாளிகை, தேவதை இரத்தம் எல்லாம் உண்டு. சார்லட் என்ற பெண் நிறுவனத்தை நடத்துவதைப் பொறாமல் அந்தப் பதவியைப் பறிக்கப் பார்ப்பவர். இவரே மறைவில் அரக்கரோடு கூடிக் களித்து, அதனால் வந்த நோயில் பெரிய புழுவாக மாறிப்போகிறார். இந்த இடத்தைப் படித்தபோது விடுதியே எழுந்துவிடும்படி சிரித்தேன். குலப்பெருமை புழுவாய் நெளிவதைப் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்?

மூன்றாமவள் டெஸ்ஸா. அரக்கனிடமிருந்து வந்த உருமாறும் ஆற்றலைத்தான் அவள் கருவியாக எடுக்கிறாள். முதல் பாகத்தின் இறுதியில் மார்ட்மெய்ன் தன்னைக் கொண்டுபோக வரும்போது, கத்தியால் தன்னையே குத்திக்கொண்டதாக நடித்து, முன்னொரு நாள் அந்தக் கிழவிகள் வற்புறுத்தி மாறவைத்த, காயம்பட்டு இறந்த பெண்ணின் உருவத்தை எடுக்கிறாள். குருதியைக் கண்டவன் அவள் இறந்தாள் என்று எண்ணிப் போய்விடுகிறான். துன்புறுத்தியவர்கள் கற்றுக்கொடுத்த வித்தையே துன்பத்திலிருந்து மீளும் வழியாகிறது. அப்பன் அரக்கன், அவன் தந்த ஆற்றல் அவள் கையில். அதைக் கொண்டு என்ன செய்வது என்பது மட்டும் அவள் முடிவு.

இதுவரை ஆசிரியரைப் பாராட்டினேன். ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை.

டெஸ்ஸாவின் தாய் யார் என்ற புதிர் கடைசிப் பாகத்தில் அவிழ்கிறது. அவள் குழந்தையாக இருந்தபோது மாற்றி வைக்கப்பட்ட நிழல் வேட்டையர் குலத்துப் பெண்ணாம்! இரண்டாம் பாகத்தில் யார்க் நகரத்து முதியவர் ஸ்டார்க்வெதர், கீழுலகத்தாரை வேட்டையாடி எடுத்த உறுப்புகளையும் பொருள்களையும் காட்சிக்கு வைத்துப் பெருமையாகக் காட்டுவார். அந்த அறையில் நிற்கும் டெஸ்ஸா அவருடைய கொள்ளுப்பேத்தி என்பது இருவருக்குமே தெரியாது. வெறுக்கும் கை தன் வீட்டுப் பிள்ளை மீதே நீள்கிறது என்று காட்டிய அந்த இடம் சிறப்பானதுதான். ஆனாலும், கேட்கிறேன்: டெஸ்ஸா நல்லவள் என்று நாம் நம்ப, தாய்வழியில் கொஞ்சம் தேவதை இரத்தம் தேவையா? அந்தத் தாய் இலண்டன் தெருவில் துணி துவைத்துப் பிழைத்தவளாக இருந்திருந்தால் டெஸ்ஸாவின் அன்பும் துணிவும் பொய்யாகிவிடுமா? முன்வாசல் வழியாக விரட்டிய குலப்பெருமையை ஆசிரியர் கொல்லைப்புறமாக உள்ளே விட்டுவிட்டார் என்பதே என் தாழ்மையான கருத்து.

இந்தக் கதை 1878-இல் நடப்பது தற்செயலோ என்னவோ, விலங்கியல் படிக்கும் எனக்கு அந்த ஆண்டு பொருள் பொதிந்ததாகப் படுகிறது. திறமை குடும்ப வழியாக இறங்கி வருவது என்று நிலைநாட்டப் பிரான்சிஸ் கால்டன் 1869-இல் ஒரு நூலே எழுதினார். இவர் டார்வினின் உறவினர். "யூஜெனிக்ஸ்" என்ற சொல்லை 1883-இல் உண்டாக்கியவரும் இவரே. உயர்ந்த இரத்தத்தைப் பெருக்க வேண்டும், தாழ்ந்ததைக் குறைக்க வேண்டும் என்ற அந்த எண்ணம் எங்கே போய் முடிந்தது? 1907-இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கட்டாயக் கருத்தடைச் சட்டமாயிற்று. 1933-இல் ஹிட்லரின் ஜெர்மனியிலும் சட்டமாயிற்று. கதையில் மாளிகைச் சுவரில் தொங்கும் வேட்டைப் பொருள்கள் வெறும் கற்பனை அல்ல என்று அப்போது தோன்றியது.

இதே கால்டன் 1871-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இன்னும் சுவையானது. ஒரு வகை முயலின் உடலில் வேறு வகை முயலின் இரத்தத்தை ஏற்றி, அதன் குட்டிகள் எப்படிப் பிறக்கின்றன என்று பார்த்தார். குட்டிகள் பெற்றோரின் வகையாகவே பிறந்தன. ஏற்றிய இரத்தம் எதையும் மாற்றவில்லை. மரபுப் பண்புகள் இறங்கும் முறையை மெண்டல் தம் பட்டாணிச் செடிகளைக் கொண்டு 1866-இலேயே எழுதியிருந்தார்; 1900 வரை அதை உலகம் கண்டுகொள்ளவில்லை. இன்று முதலாண்டு மாணவர்க்கும் தெரியும்: மரபுப் பண்பு இரத்தத்தில் ஓடுவதன்று, மரபணுவில் இருப்பது. கண்ணின் நிறம் வரும். இரத்த வகை வரும். ஆனால் கடன் வாங்கித் திருப்பித் தராமைக்கு ஒரு மரபணு, திருட்டுக்கு ஒரு மரபணு என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை. இருந்தும் "அவன் இரத்தம் அப்படி" என்று சொல்வதை நாம் விட்டோமா?

நான் பத்தாம் வகுப்புப் படித்தபோது சுற்றுலாவுக்குச் சேர்த்த பணத்தில் இருநூறு ரூபாய் காணாமற் போயிற்று. நாற்பது பேர் இருந்த வகுப்பில் முதலில் திறந்து காட்டச் சொன்ன பை என்னுடையது. காரணம் யாரும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை. என் அப்பா கொத்தனார், குடிப்பவர், ஊரில் நான்கு கடைகளில் பாக்கி வைத்தவர். "குடிகாரன் மகள்" என்பதுதான் எனக்கு ஊர் வைத்த பெயர். மறுநாள் அந்தப் பணம் ஒரு குறிப்பேட்டின் பக்கங்களுக்கிடையே கிடைத்தது. எல்லோரும் சிரித்தார்கள். என் பையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. திருவிழாக் கூத்தில் இரணியன் பெற்ற பிரகலாதனைப் பார்த்துக் கைகூப்பும் ஊர்தான். விடிந்தால் தெருவில் போகும் பிள்ளைக்கு அப்பன் பெயரைச் சொல்லித்தான் விலை வைக்கிறது.

ஊரை மட்டும் குறை சொல்லி முடித்தால் நான் நேர்மையானவள் ஆகமாட்டேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுதியில் சேர்க்க அப்பாதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அன்று அவர் குடிக்கவில்லை. ஆனாலும் வாயிலைத் தாண்டி உள்ளே வர மறுத்துவிட்டார். வெளியே நின்றபடி நம் கல்லூரியின் பழைய கட்டடத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தூக்குக்குண்டு பிடிச்சுக் கட்டின சுவரு. ஒரு நூல்கூடச் சாயல பாரு" என்றார். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அப்போது என் மனத்தில் வந்தது வருத்தமன்று, நிம்மதி. நல்ல வேளை, யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதி. என் பையைத் திறக்கச் சொன்னவர் என்னை எடைபோட்ட அதே தராசில்தான் நான் அப்பாவை எடைபோட்டேன். குடியைத் தவிர அவரிடம் ஒன்றுமே இல்லை என்பது போல.

இப்போது ஆய்வகத்தில் வெங்காய வேர்நுனியைச் சாயமேற்றிக் கண்ணாடிச் சில்லின்மேல் நசுக்கி, நுண்ணோக்கியில் குரோமோசோம்களைக் காணும் பயிற்சி நடக்கிறது. அதிகம் அழுத்தினால் சிதையும். குறைத்து அழுத்தினால் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும். எனக்கு இரண்டாம் முறையே வந்துவிட்டது. "நல்ல கை உனக்கு" என்றார் பேராசிரியை. யார் கை என்று எனக்குத் தெரியும். பூச்சு வேலையில் மணியாசுக்கட்டையை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று சிறுவயதில் என் கைமேல் கைவைத்துக் காட்டியவர் அப்பாதான். அவருடைய குடியால் அம்மா பட்ட பாட்டை நான் மறக்கவில்லை; மன்னிக்கச் சொல்லி யாரையும் கேட்கவுமில்லை. அவரிடமிருந்து எனக்கு வந்தது எது, வராதது எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன், அவ்வளவே. அதைக் கற்பித்தது, பேராசிரியர் பேய்க்கதை என்று சொன்ன அந்தப் புத்தகம்.

அன்புத் தோழியரே, தோழர்களே! பெற்றோரிடமிருந்து நாம் பெறுவது கருவிதான், தீர்ப்பு அன்று. நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகிறவர்கள். நமக்கு ஸ்டார்க்வெதர் போன்ற முன்னோர் எவரும் பழைய ஏட்டிலிருந்து கிளம்பி வந்து நற்சான்று தரப் போவதில்லை. தேவையும் இல்லை. அடுத்த முறை ஒருவருடைய பையைத் திறக்கச் சொல்லுமுன், ஒருவருடைய தந்தையின் தொழிலைக் கேட்டுவிட்டு முகம் சுளிக்குமுன், அந்தப் பிள்ளை செய்த குற்றம் என்ன என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுக்குமுன், விடுமுறைக்கு ஊர் சென்றபோது அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. குடிகாரன் என்ற இடத்தில் என் குரல் நின்றது. "படி" என்றார். முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு, "உள்ளதத்தானே எழுதியிருக்க, குடு" என்றார். கல்லூரி நாள் விழாவுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இம்முறை வாயிலில் நானே போய் நின்று உள்ளே அழைத்து வருவேன்.