மீனைத் தின்றது யார்? பழி சுமந்தது யார்?

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. செய்தி ஏதாவது தேறுமா என்று ஒரு போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நடுத்தர வயது அம்மாள் ஒருவர் படபடப்போடு வந்தார். பின்னாலேயே கண்ணைத் துடைத்தபடி அவர் வீட்டு வேலைக்கார அம்மா.

அரைப் பவுன் மோதிரம் காணோம் என்று புகார்.

"யார் மேலம்மா சந்தேகம்?" ஏட்டு கேட்டார்.

"இவ மேலதான் சார். போன வாரம் ஆறு துண்டு வஞ்சிரம் வறுத்து மேஜை மேல வெச்சிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தா தட்டு காலி. மீனைத் திருடினவ மோதிரத்தைத் திருட மாட்டாளா?"

"வீட்ல நாய் இருக்கா?"

"இருக்கு, லேப்ரடார். ஆனா அது தொடாது சார். சொல்லாம ஒரு பிஸ்கட்கூட எடுக்காது. எங்க வீட்டுப் புள்ள மாதிரி."

அதுவரை வாயைத் திறக்காத வேலைக்கார அம்மா அப்போதுதான் பேசினார். "பதினோரு வருசமா அந்த வூட்ல வேல செய்யறேன் சார். நான் துன்னிருந்தா முள்ளாவது மிச்சம் இருக்காதா? தட்டுல ஒரு முள்ளு இல்ல. முள்ளோட முழுங்கறது மனுசன் வேலையா?"

ஏட்டு சிரித்துவிட்டார். இருபது வருஷம் துப்புத் துலக்கியவர் கேட்க வேண்டிய கேள்வியை அந்த அம்மா கேட்டுவிட்டார்!

மோதிரம் அன்று சாயங்காலமே கிடைத்தது. பாத்ரூமில், சோப்பு டப்பாவுக்கு அடியில். புகார் வாபஸ். ஆனால் அந்த மீன் விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை.

நாயை நம்பினார்கள். பதினோரு வருஷம் பாத்திரம் தேய்த்த மனுஷியை நம்பவில்லை. அதனால்தான் கேட்கிறேன்: ஆள் இல்லாத இடத்தில் சாப்பாட்டை வைத்துவிட்டு, வீட்டு நாயை நம்பலாமா?

என் பதில்: நம்பக் கூடாது. அதற்காக நாயைத் திருடன் என்றும் சொல்லக் கூடாது.

கண் பார்த்தால் சாது

நாய் வளர்ப்பவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான். "எங்க நாய் தொடாது." அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்க்கும்போது அது தொடுவதில்லை. பார்க்காதபோது என்ன செய்கிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

இதை வெளிநாட்டில் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியில் லைப்சிக் நகர ஆராய்ச்சியாளர்கள் நாயின் முன்னால் தீனியை வைத்து "தொடாதே" என்று சொல்லிவிட்டு, ஒரு தடவை உற்றுப் பார்த்தார்கள். ஒரு தடவை முதுகைக் காட்டினார்கள். ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டார்கள். உற்றுப் பார்த்தபோது நாய்கள் அடக்கி வாசித்தன. மற்ற நேரத்தில் கூடுதலாகத் தின்றன. இது 2003-ல் வெளியான ஆய்வு.

இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழகத்தின் யூலியானே காமின்ஸ்கி என்ற அம்மையார் 84 நாய்களை வைத்துச் செய்த சோதனை 2013-ல் வந்தது. அறையில் விளக்கு எரிந்தால் நாய்கள் தயங்கின. விளக்கை அணைத்தால் துணிந்து எடுத்தன.

நம் ஊர்த் திருடனும் தெருவிளக்கு எரியாத சந்தைத்தானே தேடுகிறான்!

"திருட்டு முழி" சாட்சியா?

"இல்லீங்க, தப்பு செஞ்சா அது முகத்துலயே தெரியும். காதை மடக்கும், மூலையில பதுங்கும்" என்பார்கள்.

இதையும் சோதித்தாகிவிட்டது. நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அம்மையார் 2009-ல் வெளியிட்ட ஆய்வு அது. தின்ற நாயும் முழித்தது, தின்னாத நாயும் முழித்தது. எஜமானர் திட்டினால் எல்லா நாயும் முழித்தது! அதாவது அந்த முழி குற்ற உணர்ச்சி இல்லை. "ஐயா கோபமா இருக்காரு" என்ற பயம்.

போலீசிடம் கொடுக்கிற ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது என்பது ஸ்டேஷன் வாசலில் நிற்கிற எங்களுக்குத் தெரியும். நாய் முகத்தில் நாம் படிக்கிற வாக்குமூலமும் அந்த ரகம்தான். எப்போதோ காலியான தட்டுக்கு இப்போது பெல்ட்டை எடுத்தால், எதற்கு அடி வாங்குகிறோம் என்று நாய்க்குப் புரியாது.

பசியா, பேராசையா?

நாய் மனிதனோடு பல ஆயிரம் வருஷமாக இருக்கிறது. ஆனாலும் கிடைத்தபோது தின்று வைத்துக்கொள் என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. நமக்கு "வாசனை வருதே" என்றால், அதற்கு என்ன மீன், எந்த அறை என்று மூக்கிலேயே தெரிந்துவிடும்.

லேப்ரடார் கதை இன்னும் பரிதாபம். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள். சுமார் நாலு லேப்ரடாருக்கு ஒன்றின் உடம்பில் ஒரு மரபணுக் கோளாறு. அது இருக்கிற நாய்க்குத் தீனி மேல் ஆசை அதிகம், எடையும் அதிகம். அதன் முன்னால் வறுத்த மீனை வைத்துவிட்டு "கட்டுப்பாடாக இரு" என்றால் என்ன நியாயம்?

போவது மீன் மட்டுமா?

மீன் போனால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு போச்சு, அவ்வளவுதான். உயிரே போகிற தீனிகள் நம் வீட்டு மேஜையில் இருக்கின்றன.

குழந்தையின் சாக்லேட் நாய்க்கு விஷம். திராட்சையும் விஷம். பாயசத்திலும் கேசரியிலும் போடுகிறோமே, அந்த உலர்ந்த திராட்சை நாயின் கிட்னியைக் கெடுத்துவிடும். வெங்காயமும் பூண்டும் ரத்த அணுக்களை உடைக்கும். சர்க்கரை இல்லாத சூயிங்கம் சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கிறது. அது நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கிவிடும். வேகவைத்த கோழி எலும்பு சிராய் சிராயாக உடைந்து குடலைக் குத்தும்.

எலிக்கு மருந்து தடவி மூலையில் வைக்கிற வடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எலி வருவதற்கு முன்னால் நாய் வந்துவிடும்.

இதில் எதைத் தின்றாலும் "காலையில பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கும் கைவைத்தியமும் வேண்டாம். தின்ற பொருளின் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள். வேப்பேரியில் 1903-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே ஆஸ்பத்திரியும் உண்டு.

குழந்தை கையில் தட்டு

இன்னொரு ஆபத்து. நாய் வாயில் போனதைப் பிடுங்கப் போகிறார்கள். பெரியவர்கள் போனாலே உறுமும். குழந்தை போனால்? "எங்க நாய் கடிக்காது" என்பதும் "எங்க நாய் தொடாது" மாதிரி ஒரு நம்பிக்கைதான்.

கடித்துவிட்டால் வீட்டு நாய்தானே என்று மஞ்சள் பூசிக்கொண்டு இருக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய நடக்காத காரியம்.

அடித்தால் குற்றம்

தின்றதற்காக நாயைப் போட்டு அடிப்பதும் குற்றம். 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைய விலையில் ஒரு வஞ்சிரத் துண்டுகூட வராது! ஆனால் கொன்றாலோ முடமாக்கினாலோ விளையாட்டில்லை. புதிய பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் 5 வருஷம் வரை உள்ளே போகலாம்.

பழக்கினால் போதாதா?

பழக்க வேண்டும், சந்தேகமில்லை. "இரு", "விடு" என்ற இரண்டு சொல் தெரிந்த நாய் வீட்டுக்கு நல்லது. எங்கள் தெருவில் ரிட்டயரான ரயில்வேக்காரர் ஒருவர் ராஜபாளையம் நாய் வளர்க்கிறார். "பத்து வருஷமா இலை பக்கத்துலயே படுத்திருக்கும் தம்பி. ஒரு பருக்கை தொட்டதில்ல" என்றார்.

"நடுவுல நீங்க எழுந்து போனா?"

"அதெப்படி? நாயை வெளியில விட்டுக் கதவைச் சாத்திட்டுத்தான் போவேன்!"

பெரியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பழக்கமும் வேண்டும், கதவும் வேண்டும்.

செய்ய வேண்டியது சுலபம். நாம் சாப்பிட உட்காரும் முன் நாய்க்குப் போட்டுவிடுங்கள். சமைத்ததை மூடி அலமாரியில் வையுங்கள். சமையற்கட்டுக் கதவைச் சாத்துங்கள். குப்பைக் கூடைக்கு மூடி போடுங்கள். குழந்தை தட்டோடு வீட்டைச் சுற்ற விடாதீர்கள். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

இந்த வழக்கில் நாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. அதற்குச் சட்டமும் தெரியாது, சாட்சியும் தெரியாது. தட்டைத் திறந்து போட்டுவிட்டுக் குளிக்கப் போனவர்தான் முதல் எதிரி. தன் அஜாக்கிரதையை மறைக்க அடுத்தவர் மேல் கை நீட்டினால், அது இரண்டாவது குற்றம்.

அந்த வேலைக்கார அம்மாவைப் போன வாரம் பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன். பழைய வீட்டுக்கு இப்போது போவதில்லையாம். மோதிரம் கிடைத்ததும் கூப்பிட்டுவிட்டார்களாம், இவர்தான் மறுத்துவிட்டார்.

"மோதிரம் கெடச்சிது சார். மீனுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலியே?" என்றார்.

என்னிடமும் பதில் இல்லை. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.