விடுமுறைத் துணை: வாழைச்சேனைக் கடலும் ஒரு சட்டித் தயிரும்

பாடசாலை விடுமுறை நெருங்கியதும் "எங்கே போகலாம்?" என்ற கேள்வி வீட்டுக்கு வீடு எழுவது இயல்பு. எங்கே என்பதினும் எப்போது என்பதே முதலில் ஆராயத்தக்கது. நம் தீவு சிறிதாயினும் அதன் இரு கரைகளுக்கும் பருவம் ஒன்றன்று. ஹிக்கடுவையில் கடல் அமைதியுற்றிருக்கும் மார்கழியில், வாழைச்சேனையிலோ வடகீழ்ப் பருவக்காற்றுச் சீறிப் பெருமழை கொட்டும். 1978ஆம் ஆண்டு மட்டக்களப்பைச் சூறையாடிய புயல் வந்ததும் நவம்பர் 23ஆந் திகதியன்றே. இதனை அறியாது, வெளிநாட்டார்க்கென அச்சிடப்படும் பிரசுரங்களில் 'டிசெம்பரே உல்லாச மாதம்' என்றிருப்பதை நம்பி, ஓராண்டுச் சேமிப்பை அறைக்குள் முடங்கியே செலவிட்டுத் திரும்பும் குடும்பங்கள் உள. கிழக்குக் கரைக்குச் சித்திரையும் ஆவணியுமே ஏற்ற விடுமுறைகள். ஆவணியிற் கச்சான் வீசும். நாம் கொறிக்கும் கச்சானன்று. மேற்கிலிருந்து வரும் வெப்பமான உலர்காற்று. பகலில் முகத்தைச் சுட்டாலும், கடல் குளம்போற் கிடக்கும்.

கொழும்புக் கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்குச் செல்லும் புகையிரதத்தில் ஏறினால், பொலனறுவையைக் கடந்து வாழைச்சேனையை அடையலாம். அடுத்த நிலையம் கல்குடா. பயணத்துக்கு ஏறக்குறைய ஒரு பகற்பொழுது செல்லும் என எண்ணிக் கட்டுச்சோறு எடுத்துக்கொள்க. வண்டி நேரங்களைப் புறப்படுமுன் நிலையத்திற் கேட்டறிவது நலம்.

பாசிக்குடாவின் சிறப்பு அதன் ஆழமின்மையே. பிறைவடிவான அக்குடாவில் நெடுந்தூரம் உள்ளே நடந்து சென்றும் நீர் இடுப்பளவே நிற்கும். கடலையே கண்டிராத மலைநாட்டுச் சிறுவனும் அங்கே அச்சமின்றிக் கால் நனைப்பான். ஆயினும், பக்கத்திலுள்ள கல்குடாவையும் அவ்வாறே எண்ணிவிடலாகாது. அங்கே அலையும் இழுப்பும் வேறு. நடக்கவும் காற்று வாங்கவும் அக்கரை போதும். வாவியிலும் அதனுடன் சேரும் ஆறுகளிலும் முதலைகள் உண்டாதலின், நீர் எவ்வளவு தெளிந்து தோன்றினும் பிள்ளைகளை இறங்க விடவேண்டா. கடலாடுதற்குக் காலை ஒன்பது மணிக்கு முன்னும் மாலை நான்கு மணிக்குப் பின்னும் உகந்த நேரங்கள். பவளப் பாறைகளை மிதிப்பதும் உடைத்து வீட்டுக்குக் கொணர்வதும் கூடா. 2016இற் கடல்நீர் சூடேறியபோது வெளிறிய பாறைகள் அவை. நம் பிள்ளைகளின் காலடியையும் அவற்றின்மேற் சுமத்துவானேன்?

இனி, தங்குமிடம். 2009இற் போர் முடிந்தபின் பாசிக்குடாவிற் பெருவிடுதிகள் வரிசையாக எழுந்தன. அவ்வூர் மீனவர்களோ, தலைமுறை தலைமுறையாகப் படகேற்றிய கரையில் இடம் குறுகிவிட்டதென முறையிட்டனர். அம்முறையீடு நியாயமானதே என்பது என் எண்ணம். பெருவிடுதியில் ஓரிரவுக்குக் கொடுக்கும் பணத்தில், கல்குடாவிலோ வாழைச்சேனையிலோ குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளிற் பல இரவுகள் தங்கலாம். கொடுத்த பணமும் அவ்வூர்ச் சந்தைக்கே போய்ச்சேரும். இரண்டு இரவுகளாவது தங்குங்கள். பகலில் வந்து பகலிலே ஓடுபவர்கள் வெயிலையன்றி வேறொன்றையும் காண்பதில்லை.

உணவைப் பற்றிக் கூறத் தொடங்கினால் இப்பக்கம் போதாது. வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகமுள்ள ஊர். விடியலில் எழுந்து சந்தைக்குச் சென்று, விடுதி வீட்டம்மாவிடம், "அம்மா, இந்த இறாலைச் சமைத்துத் தரமுடியுமா?" என்று பணிவுடன் கேட்டுப் பாருங்கள். தேங்காய்ப்பூ இட்டு அவித்த பிட்டும், முதற்பால் சேர்த்து இறக்கிய இறாற் குழம்பும் காலை உணவாக வந்தால், மதியச் சாப்பாட்டை மறந்துவிடலாம். வாவி நண்டுக்கு இரவே தகுந்த வேளை. அதனை உடைத்து உண்ண அவசரம் ஆகாது. மட்டக்களப்பு எருமைத் தயிரைச் சொல்லாமல் விட்டால் வாசகர்கள் என்னை மன்னியார். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்று பெருமை பேசுவர், சோதித்துப் பார்க்கவேண்டா. கரண்டியால் வெட்டி எடுத்துச் சீனி தூவியோ கித்துள் பாணி ஊற்றியோ உண்க. ஓட்டமாவடிக் கடைகளின் கொத்துரொட்டி ஓசையும் மாலையில் உங்களை அழைக்கும்.

மாணவர்கள் காணவேண்டியது ஒன்றுண்டு. 1950களிற் தொடங்கிய வாழைச்சேனைக் கடதாசி ஆலை, வைக்கோலிலிருந்து கடதாசி செய்த ஆலை. வயலில் எரிந்துபோக இருந்த பொருள் பாட்டனார் காலத்து அப்பியாசப் புத்தகமான கதையைப் பிள்ளைகளுக்கு வாயிலுக்கு வெளியே நின்றேனும் கூறலாம். போர்க்காலத்தில் நலிந்த அவ்வாலை பழைய நிலைக்கு மீளவில்லை.

ஒரு நாளை மட்டக்களப்பு நகருக்கு ஒதுக்குக. தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றர், பஸ் உண்டு. ஒல்லாந்தர் 1638இற் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய கோட்டை, அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயம், கல்லடிப் பாலம் ஆகியவற்றை ஒரே பகலிற் காணலாம். பௌர்ணமியை ஒட்டிச் சென்றால், பாலத்தடியிற் பாடும் மீனின் இசை கேட்குமா என்று பிள்ளைகள் காது கொடுக்கட்டும்.

கரையில் உரையாடும்போது ஒன்றை நினைவிற் கொள்க. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்த கரை இது. அன்று எத்தனை பேரை இழந்தீர்கள் என்று படகோட்டியிடமோ விடுதி வீட்டாரிடமோ கேட்கும் வழக்கம் சுற்றுலாவினர் சிலரிடம் காணப்படுகிறது. அவர்களாகச் சொன்னால் இருந்து கேளுங்கள், நீங்களாகத் தொடங்கவேண்டா.

திரும்பும் வண்டியில் உறவினருக்கெனத் தயிர் கொண்டுசெல்வோர், சட்டியின் வாயை இறுகக் கட்டித் தம் மடியிலேயே வைத்துக்கொள்க. மேற்றட்டில் வைத்தால், கீழே உறங்கும் ஐயாவின் தலைக்குப் பொறுப்புக் கூறவேண்டி வரும்.