முகவரிக்கும் பட்டா வேண்டும்

எங்கள் பென்னாகரம் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவரிடம் முதலில் கேட்பது, "பட்டா யார் பேரில்?" என்பதே. பாட்டன் காலத்திலிருந்து உழுது வந்தாலும் பட்டா இல்லையேல் வங்கியில் கடன் கிடைப்பது அரிது. இணைய முகவரி எண்களுக்கும் பட்டா உண்டு என்றால் நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும்.

இணையத்தில் ஒவ்வொரு வலையமைப்பும், "இந்த எண்கள் என்னிடம் உள்ளன" என்று அண்டை வலையமைப்புகளுக்கு அறிவிக்கிறது. அவை நம்பி அடுத்தவருக்குச் சொல்கின்றன. 2008 பிப்ரவரி 24 அன்று, தன் நாட்டில் யூடியூபை முடக்க பாகிஸ்தான் டெலிகாம் செய்த அறிவிப்பு வெளியே கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்தது 1024 எண்கள். இவர்கள் அவற்றுள் 256ஐ மட்டும் குறித்துச் சொன்னார்கள். குறுகிய அறிவிப்புக்கே முதலிடம் என்பது விதியாதலால் போக்குவரத்து அங்கே திரும்பிற்று. சுமார் இரண்டு மணி நேரம் யூடியூப் உலகின் பல பகுதிகளில் கிடைக்கவில்லை! நம் நாட்டிலும் 2021 ஏப்ரல் 16 அன்று வோடஃபோன் ஐடியா வலையமைப்பு, பிறருக்குரிய 30,000க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தனதென அறிவித்துவிட்டது. கைப்பிழையே இவ்வளவு செய்யுமாயின், கள்வன் என்ன செய்யமாட்டான்?

இதற்கு மருந்தாக 2011 முதல் முகவரிப் பதிவகங்கள் ஆர்.பி.கே.ஐ. சான்றிதழ் தரத் தொடங்கின. இன்ன எண்களை இன்ன வலையமைப்பே அறிவிக்கலாம் என்று உரியவர் கையொப்பமிடுவார். மற்ற ரவுட்டர்கள் சரிபார்க்கும். ஆனால் ஐரோப்பியப் பதிவகமான ரைப் என்.சி.சி. முதலில் உறுப்பினர்க்கு மட்டுமே இதை அளித்தது. சேவை நிறுவனத்தை மாற்றினாலும் எண் மாறலாகாது என்று தனி முகவரி வாங்கியவர்கள் வாசலில் நின்றார்கள். 2013இல்தான் கொள்கை மாறி அவர்களுக்கும் வழி பிறந்தது. வட அமெரிக்காவிலோ, பதிவகம் தோன்றும் முன்பே எண் பெற்றவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால்தான் சான்றிதழ். இது எனக்கு உடன்பாடன்று. கட்டணம் கேட்கட்டும், உரிமையைச் சோதிக்கட்டும். பூட்டை மட்டும் மறுப்பானேன்? பூட்டில்லாத ஒரு வீட்டின் வழியே திருடன் தெரு முழுவதும் புகலாமே!

கொடுப்பவன் பறிக்கவும் முடியும் என்று அஞ்சுவோர் உண்டு. அச்சம் நியாயமானதே. ஆயினும் சான்று எதுவுமே இல்லாத எண்களை ரவுட்டர்கள் இன்றும் ஏற்றுக்கொள்கின்றன. பறித்தாலும் பழைய நிலைக்குத்தான் திரும்புவோம். இந்தியாவில் எண்களை வழங்குவது நிக்சியின் அங்கமான இர்ரின். நாளை நம்முடையதைப் போன்ற ஒரு கல்லூரி தன் பெயரில் 256 எண்கள் வாங்கினால், எண்ணோடு சான்றும் அன்றைக்கே கைக்கு வர வேண்டும்.