வஞ்சப் புகழ்ச்சிக்கு ஒரு விருது

வால்வின் கேம் விற்பனைத் தளமான ஸ்டீம், பயனர்களின் ஓட்டை வைத்துத் தரும் விருதுகளின் முடிவுகள் 2024 ஜனவரி தொடக்கத்தில் வந்தன. அவற்றில் 'பால்டர்ஸ் கேட் 3' ஆண்டின் சிறந்த கேம் ஆனதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ரகளை எல்லாம் வேறு இரண்டு பெயர்களால். புதுமையான ஆட்டமுறைக்கான விருது பெதஸ்டாவின் 'ஸ்டார்ஃபீல்டு'க்கு. வெளியாகிப் பல வருடமான பின்னும் விடாமல் மெருகேற்றப்படும் கேமுக்கான 'அன்பின் உழைப்பு' விருது 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'வுக்கு.

இரண்டாவதைப் பார்த்துச் சிரித்தே விட்டேன். அதன் ஆன்லைன் பகுதிக்கு இனிப் பெரிய அப்டேட் கிடையாது என்று அதை உருவாக்கிய ராக்ஸ்டார் கைவிரித்தது 2022 ஜூலையில். சில நாட்களிலேயே ரசிகர்கள் தங்கள் கதாபாத்திரங்களுக்குக் கறுப்பு உடை மாட்டி, கேமுக்குள்ளேயே கூடி அதற்கு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். கருமாதி முடிந்த ஒன்றரை வருடத்தில், நன்றாகப் பராமரித்தீர்கள் என்று மாலை!

'ஸ்டார்ஃபீல்டு' ஆயிரம் கிரகங்களுக்கு மேல் காட்டியது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது லோடிங் திரையையும் காட்டியது. விருது வந்த நேரத்தில் ஸ்டீமிலேயே அதன் அண்மை விமர்சனங்கள் எதிர்மறைப் பக்கம் சாய்ந்திருந்தன. அதனிடம் தோற்றவற்றில் ஒன்று 'ஷேடோஸ் ஆஃப் டவுட்'. புதிதுபுதிதாக உருவாகும் ஒரு நகரம். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, வேலை, தினசரி நடமாட்டம். கைரேகையையும் கேமரா பதிவையும் வைத்துக் கொலைகாரனை நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இதைவிடப் புதுமைக்கு எங்கே போவது?

இந்த இரண்டுக்கும் நக்கலுக்காகத்தான் ஓட்டுக் குத்தினார்கள் என்பது கேமர்கள் பலரின் வாதம். கொஞ்சம் பேர் அப்படிச் செய்திருக்கலாம். ஆனால் நக்கல் ஓட்டுக்குத் தனிப் பெட்டி கிடையாதே. அதுவும் பாராட்டோடு சேர்த்துத்தான் எண்ணப்படும். எனக்கென்னவோ பெரும்பாலானவர்கள் விருதின் விளக்கத்தையே படிக்கவில்லை என்று தோன்றுகிறது. டிசம்பர் கடைசியில், சேல் நடக்கும்போது ஓட்டு. ஓட்டுப் போடும் கேமை ஆடியிருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. கண்ணில் பட்ட தெரிந்த பெயரை அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறார்கள். 'ரெட் டெட்'டைத் தள்ளுபடியில் வாங்கி, ஆன்லைன் பக்கமே எட்டிப் பார்க்காமல், அந்தக் கதையில் கரைந்துபோனவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு அது உண்மையிலேயே அன்பின் உழைப்புதான். அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

வருத்தம் அதே பிரிவில் 'டீப் ராக் கேலக்டிக்' தோற்றதில். கோஸ்ட் ஷிப் கேம்ஸ் அதற்கு சீசன் சீசனாக, இலவசமாகவே, புதுச் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. இந்த விருது யாருக்காக ஏற்பட்டதோ, அவர்கள் இவர்கள்தான்.

ஆடியவர்கள் மட்டும் ஓட்டுப் போடட்டும் என்று விதி வைக்கலாம். யார் எதை எத்தனை மணி நேரம் ஆடினார்கள் என்ற கணக்கு வால்வ் கையில்தான் இருக்கிறது. ஆனால் அப்போதும், எல்லாத் தளங்களிலுமாக ஐந்து கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற 'ரெட் டெட்'டை ஆடியவர்கள்தானே அதிகம் இருப்பார்கள்?