ஓஃபீலியாவின் சொற்கள், ஹானிகனின் மூச்சு

ஹாம்லெட் நாடகத்தில் ஓஃபீலியா பேசுவது குறைவு. அவளுடைய வசனங்களில் வரும் தனிச்சொற்களைத் திரட்டினால் ஏறக்குறைய 480 தேறும். தந்தைக்குக் கீழ்ப்படியவும், காதலனின் வசையைத் தாங்கவும், பித்தேறிப் பாடவும் ஷேக்ஸ்பியர் அவளுக்கு அளந்து கொடுத்த கையிருப்பு அவ்வளவே. அவளுடைய சாவுகூட மேடையில் நிகழ்வதில்லை; அரசி வந்து சொல்லித்தான் நமக்குத் தெரிகிறது. இசை விமர்சகரும் நாவலாசிரியருமான பால் கிரிஃபித்ஸ், அந்தச் சொற்களுக்கு வெளியே ஒன்றையும் தொடுவதில்லை என்ற விரதத்தோடு ஒரு நாவல் எழுதினார். ஓஃபீலியா தன் கதையைத் தானே சொல்வதாக அமைந்த அந்நூல், 'லெட் மீ டெல் யூ' என்ற பெயரில் 2008 இல் வெளிவந்தது.

இலக்கிய வாசகர்களாகிய நாம் இதை ஒரு மொழிவிளையாட்டு என்று பாராட்டிவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போயிருக்கக்கூடும். அப்படிப் போகவிடாமல் செய்தவர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 1971 இல் பிறந்த சோப்ரானோ பாடகி பார்பரா ஹானிகன். டென்மார்க்கின் ஹான்ஸ் ஆப்ரஹாம்சன் அந்நாவலின் பகுதிகளைக் கொண்டு அமைத்த ஏழு பாடல்களை, 2013 டிசம்பரில் ஆந்திரிஸ் நெல்சன்ஸ் நடத்த, பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் ஹானிகன் முதன்முறையாகப் பாடினார். அரைமணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட இப்படைப்புக்கு 2016 இல் கிராமைர் பரிசு கிடைத்தது. பரிசு ஆப்ரஹாம்சனுக்கு, அது முறைதான். எனினும் இவ்விடத்தில் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. இதை எழுதியவர் யார்?

சொற்கள் ஷேக்ஸ்பியருடையவை, கோத்தவர் கிரிஃபித்ஸ், இசையமைத்தவர் ஆப்ரஹாம்சன். மூவரும் ஆண்கள். நம் நண்பர் வட்டத்தில் ஒருவர் இதையே சுட்டிக்காட்டி, ஓஃபீலியாவுக்குக் குரல் கிடைத்துவிட்டது என்று நாம் கொண்டாடுவது வெறும் மயக்கம், மூன்று ஆண்கள் எழுதிக்கொடுத்ததை ஒரு பெண் ஒப்பிக்கிறாள், அவ்வளவே என்றார். எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமல்ல இது. மேலைச் செவ்விசையில் பாடகரை 'நிகழ்த்துநர்' என்ற சிறு பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் பழக்கம் இரு நூற்றாண்டுகளாக வேரூன்றியிருக்கிறது. தாளில் உள்ளதே படைப்பு. பாடுபவர் அதன் ஊழியர். நண்பரின் வாதம் இந்த நம்பிக்கையின் மீதுதான் நிற்கிறது.

நாம் இதை ஏற்பதற்கில்லை. ஆப்ரஹாம்சன் குரலுக்காக அதிகம் எழுதிப் பழகியவர் அல்லர். நடுவே ஏறத்தாழப் பத்தாண்டுகள் பெரிதாக எதுவும் எழுதாமல் இருந்தவரும்கூட. இப்பாடல்கள் ஹானிகனின் குரலை அறிந்து, அதன் உச்சஸ்தாயியில் எந்த இடம் கண்ணாடிபோல் நிற்கும், எந்த இடம் நடுங்கும் என்பதையெல்லாம் அவருடன் பேசித் தெளிந்து எழுதப்பட்டவை, அவருக்கே காணிக்கையாக்கப்பட்டவை. ஒரே அசையை ஒரே சுரத்தில் விட்டுவிட்டு அதிரவைக்கும் ஓர் உத்தி இப்படைப்பு முழுவதும் வருகிறது. பதினேழாம் நூற்றாண்டின் மாண்டெவெர்டி காலத்துப் பாடுமுறையை நினைவூட்டும் உத்தி இது. தாளில் பார்த்தால் சில புள்ளிகள் மட்டுமே. ஹானிகன் பாடும்போது அது திக்கல் ஆகிறது. சொற்கள் போதாத ஒருத்தி இருக்கும் சொல்லையே திரும்பத் திரும்பத் தட்டித் திறக்கப் பார்ப்பதுபோல் ஆகிறது. நாவலின் விரதம் முழுவதும் அந்த ஓர் உத்தியில் வந்து அடங்கிவிடுகிறது. எழுத்தில் நாம் புத்தியால் வியந்த கட்டுப்பாட்டை இங்கே உடம்பால் உணர்கிறோம். இதற்குப் பிறகும் பாடகியை ஊழியர் என்றே அழைப்பதென்றால் ஆசிரியர் என்ற சொல்லுக்கு நாம் வேறு பொருள் தேடவேண்டியிருக்கும்.

பிறர் எழுதிவைத்த பெண்களின் வரிசை ஹானிகனின் பயணம் நெடுகிலும் தொடர்கிறது. ஜார்ஜ் பெஞ்சமின் இசையமைத்து மார்ட்டின் கிரிம்ப் பனுவல் எழுதிய 'ரிட்டன் ஆன் ஸ்கின்' ஆப்பரா 2012 ஜூலையில் பிரான்சின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் விழாவில் அரங்கேறியபோது, அதன் நாயகி ஆன்யெஸ் வேடத்தை ஏற்றவர் இவரே. மத்திய காலத்துக் கதை. எழுத்தறிவற்ற மனைவி, அவளைத் தன் உடைமை என்று கருதும் நிலக்கிழார், அவருடைய பெருமையை ஓவியங்கள் நிறைந்த ஏட்டில் எழுத அமர்த்தப்படும் இளைஞன். தன்னைப் பொதுவாகப் 'பெண்' என்று குறிப்பதை ஆன்யெஸ் மறுத்துத் தன் பெயரால் அழைக்கச் சொல்கிறாள். அந்த ஏட்டில் தன் இச்சை எழுதப்பட வேண்டும் என்று கேட்கிறாள். எழுதப்படுகிறது. விளைவு: இளைஞனைக் கொன்று அவன் இதயத்தை அவளுக்கே சமைத்துப் பரிமாறுகிறான் கணவன். இதில் ஒரு வினோதம், பாத்திரங்கள் தம்மைத் தாமே படர்க்கையில் விவரித்துக்கொண்டே பாடுகிறார்கள். தன்னைப் பற்றிய கதையை வெளியிலிருந்து வாசிக்கும் நிலைக்கும் அதற்குள்ளேயே எரியும் நிலைக்கும் இடையே ஒரே மூச்சில் தாவ வேண்டும். பதிவைக் கேட்கையில், அந்தத் தாவலின்போது ஹானிகனின் குரல் நிறம் மாறுவதைக் கவனியுங்கள். பிற்பாடு வேறு பாடகியரும் இவ்வேடத்தைச் செய்திருக்கிறார்கள், நன்றாகவே செய்திருக்கிறார்கள். படைப்பு அவர் உடம்போடு கட்டுண்டு கிடக்கவில்லை என்பது நற்செய்தியே.

2012 இல் பிரஸ்ஸல்ஸில் அவர் ஏற்ற, ஆல்பன் பெர்க்கின் லூலூவும் ஆண்கள் ஆளுக்கொரு பெயரிட்டு அழைக்கும் பெண்தான். 2017 இல் கிளைண்ட்பர்ன் விழாவில் பிரெட் டீனின் 'ஹாம்லெட்' ஆப்பராவில் மீண்டும் ஓஃபீலியா வேடம். இம்முறை நாடகத்தில் உள்ளபடி பித்தேறிச் சாகும் ஓஃபீலியா. ஒரே பாடகி, ஒரே பெண்ணை, அவளுடைய விதிக்குள்ளும் வெளியிலும் பாடியிருக்கிறார். இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பு வாசகர்களுக்குக் கிடைத்தால் தவறவிட வேண்டாம்.

இனி சர்ச்சைக்குரிய பகுதிக்கு வருவோம். ஹானிகன் பாடிக்கொண்டே இசைக்குழுவையும் நடத்துகிறார். 2011 இல் பாரிசின் ஷாத்லே அரங்கில் நடத்துநராக அறிமுகமான நாளிலிருந்தே இது சர்க்கஸ் வித்தை என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. லிகெட்டியின் 'மிஸ்டரிஸ் ஆஃப் தி மகாபர்' என்னும் சிறு படைப்பில், உளறிக்கொட்டும் இரகசியக் காவல்படைத் தலைவராக விசித்திர ஆடையில் வந்து அவர் அடிக்கும் கூத்தை மட்டும் பார்த்தவர்கள் அப்படி நினைப்பதில் வியப்பில்லை. அங்கே அது கூத்துதான், கூத்தாகவே இருக்கவேண்டியதும்கூட. உண்மையான சோதனை பூலாங்க்கின் 'லா வா ஊமேன்'. ழான் கொக்தோவின் 1930 ஆம் ஆண்டு நாடகத்தைத் தழுவி 1959 இல் அரங்கேறிய ஓராள் ஆப்பரா. தன்னைக் கைவிட்டுப் போகும் காதலனோடு ஒருத்தி கடைசியாகத் தொலைபேசியில் பேசுகிறாள். மறுமுனைக் குரல் நமக்குக் கேட்பதில்லை. இணைப்பு அறுந்து அறுந்து போகிறது. முக்கால் மணி நேரம் இவ்வளவுதான்.

2021 இல் பிரெஞ்சு வானொலியின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுடன் ஹானிகன் இதைப் பாடியபடியே நடத்தினார். நடத்துநர் மேடையில் இசைக்குழுவைப் பார்த்து நிற்கும் அவருடைய முகத்தைக் கேமராக்கள் பிடித்துப் பெருந்திரையில் காட்டுகின்றன. தொலைபேசி இல்லை, கைகள் தாளம் காட்டவேண்டும் அல்லவா? கெஞ்சும் கையும் வயலின்களை அழைக்கும் கையும் ஒன்றாகிவிடுகின்றன. காதலனின் ஒரு சொல்லுக்காகக் கதறும் பெண்ணே அங்குள்ள அத்தனை ஒலிகளையும் தன் விரல்நுனியால் எழுப்புகிறவளாகவும் இருக்கிறாள். அப்படியானால் மறுமுனையில் உண்மையில் எவராவது இருக்கிறாரா? கொக்தோ கேட்காத கேள்வி இது. அரங்கின் அமைப்பு மட்டுமே இதை எழுப்புகிறது. இது வித்தையன்று, வாசிப்பு. ஒரு பிரதிக்கு நல்ல விமர்சகன் தருகின்ற வாசிப்புக்கு நிகரானது. (திரையில் முகம் அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரிவது நமக்கும் உறுத்தத்தான் செய்தது. இசைக்குழு சில இடங்களில் குரலை மூடிவிடும் அபாயமும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறோம்.)

அண்மைக் காலப் பணிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 2018 இல் கிராமி விருது பெற்ற 'கிரேஸி கேர்ள் கிரேஸி' இசைத்தட்டு. 2017 இல் இளம் கலைஞர்களுக்காகத் தொடங்கிய ஈக்விலிப்ரியம் என்ற வழிகாட்டல் திட்டம். பியானோக் கலைஞர் பெர்த்ராந் ஷமாயுவுடன் 2024 இல் வெளிவந்த மெஸ்ஸியான் பாடல்கள். 2025 இல் ஹெர்பி ஹான்காக்குடனும் குயீன் குழுவுடனும் சேர்ந்து பெற்ற போலார் இசைப் பரிசு. 2026 ஆகஸ்டு முதல் ஐஸ்லாந்து சிம்பொனி இசைக்குழுவின் முதன்மை நடத்துநராக நியமனம். இவற்றுள் நம்மை அதிகம் ஈர்ப்பது, லபெக் சகோதரியருடனும் டேவிட் ஷால்மினுடனும் அவர் செய்த 'எலெக்ட்ரிக் ஃபீல்ட்ஸ்'. பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவி ஹில்டகார்டும், பதினேழாம் நூற்றாண்டின் பார்பரா ஸ்ட்ரோஸியும் அதன் ஊற்றுகள். பிறர் எழுதிய பெண்களைப் பாடிவந்தவர், தாமே எழுதிய பெண்களிடம் வந்து சேர்ந்திருக்கிறார். நண்பரின் வாதத்துக்கு இதையே பதிலாக வைத்தோம். ஆண்கள் எழுதியவற்றில் அவர் செய்ததற்கு இது பதிலாகாது என்றார் அவர். விவாதம் முடியவில்லை.

ஹானிகனை இதுவரை கேட்டிராதவர்கள், பவேரிய வானொலி சிம்பொனி இசைக்குழுவுடன் நெல்சன்ஸ் நடத்திப் பதிவான 'லெட் மீ டெல் யூ' தட்டிலிருந்து தொடங்கலாம். ஏழாவது பாடலை இரவில், விளக்கணைத்துக் கேளுங்கள். இந்த ஓஃபீலியா ஆற்றில் மூழ்குவதில்லை. பனிக்குள் நடந்து போகிறாள். பெருமுரசின் தோல்மீது தாளை வைத்துத் தேய்க்கும் ஓசை, அவளுடைய காலடிகளாக நெடுநேரம் கேட்டுக்கொண்டிருக்கிறது.